போபால் கழிவை எரித்த 126 கோடி யார் வீட்டுப் பணம்?

2025 ஜனவரி 1 இரவு, போபாலில் மூடிக்கிடக்கும் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து 12 கன்டெய்னர் லாரிகள், காவல்துறை வண்டிகள் முன்னும் பின்னும் வர, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழில் நகரமான பீதம்பூருக்குப் புறப்பட்டன. அவற்றில் இருந்த 337 டன் நச்சுக் கழிவு, 1984 விஷவாயு விபத்து நடந்து 40 ஆண்டுகள் கழித்து, உயர் நீதிமன்றம் நான்கு வாரக் கெடு விதித்த பிறகுதான் அந்த வளாகத்தை விட்டு நகர்ந்தது. அதை அப்புறப்படுத்தி எரிக்க மத்திய அரசு ஒதுக்கிய தொகை 126 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 3,700 ரூபாய்க்கு மேல் வருகிறது.

அந்தப் பணம் முழுவதும் பொதுமக்களின் வரிப்பணம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1989இல் மத்திய அரசுடன் செய்த உடன்பாட்டில் கொடுத்த 47 கோடி டாலரோடு தன் பொறுப்பு முடிந்தது என்றது யூனியன் கார்பைடு. 2001இல் அதை வாங்கிய டௌ கெமிக்கல், பழைய பாக்கி எதுவும் தன்னைச் சேராது என்கிறது. கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு தொடுத்த மறுசீராய்வு மனுவையும் 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனைக்கும், எரிக்கப்பட்டது மேலே அள்ளிக் கட்டிவைத்த மூட்டைகள் மட்டுமே. ஆலைக்குள் நஞ்சேறிய மண் 11 லட்சம் டன் இருக்கும் என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உள்ளிட்ட அரசு ஆய்வு நிறுவனங்கள் 2010இலேயே மதிப்பிட்டன. சுற்றியுள்ள குடியிருப்புகளில் அடிகுழாய்களுக்குச் சிவப்புச் சாயம் பூசி, இந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்று எழுதிவைத்தார்கள். வேறு தண்ணீர் வரும்வரை மக்கள் அந்தக் குழாயைத்தான் அடித்துக் குடித்தார்கள்.

அமெரிக்காவில் 1980இல் கொண்டுவந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. மாசுபடுத்தியவர் அகப்பட்டால் அவரிடமே வசூல். அகப்படாவிட்டால், கச்சா எண்ணெய்க்கும் குறிப்பிட்ட ரசாயனங்களுக்கும் விதித்த வரியில் சேர்த்த நிதி. 1995இல் அந்த வரி காலாவதியானதும் நிதி கரைந்து, செலவு பொது வருவாயின் தலையில் விழுந்தது. 2021இல் ரசாயன வரியையும் 2022இல் கச்சா எண்ணெய் வரியையும் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் 2025இல் மாசடைந்த இடங்களுக்கென்று தனி விதிகள் வந்துள்ளன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று அவை சொல்வதை மனதார வரவேற்கிறேன். ஆனால், அவரைக் கண்டுபிடிக்க முடியாதபோதும் அவருக்குக் கொடுக்க வசதியில்லாதபோதும் சுமை மத்திய, மாநில அரசுகளுக்கே வருகிறது. ஆகவே, ஆலை ஓடி லாபம் பார்க்கும் காலத்திலேயே அபாயகரமான ரசாயனத் தயாரிப்பின் மீது ஒரு சிறு வரி விதித்து, அதை வேறெதற்கும் எடுக்க முடியாத தனி நிதியாகச் சேர்க்க வேண்டும். யாரோ செய்த தவறுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று தொழில் துறையினர் கேட்பார்கள். அந்தத் தொழிலில் ஒரு ரூபாய்கூட லாபம் பார்க்காத கூலித் தொழிலாளி இன்று அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே!

பீதம்பூரில் 2025 ஜூன் இறுதிக்குள் எரித்து முடித்தார்கள். சுண்ணாம்பு முதலியன சேர்த்து எரித்ததால், 337 டன் கழிவு 800 டன்னுக்கும் மேற்பட்ட சாம்பலானது. அதைப் புதைத்து, கசியாமல் பல பத்தாண்டுகள் கண்காணிக்கும் செலவுக்கும் ஒரு தனி நிதி வேண்டும்.