கண்ணாடி கேட்டது உளறலா?

சில வருடங்களுக்கு முன், தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எம்எச்சிஏ 04 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். சித்தப்பாவை அவர் சம்மதம் இல்லாமலே மனநல சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம் அது. போட்டது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. நாலு ராத்திரி தூங்காத மனுஷன், சமையல் கேஸைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். இடுப்புக் கயிறு உருவப்பட்ட பைஜாமாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்குக் கண்ணாடி இல்லை. நர்ஸ் புரட்டிய ஃபைலில் 'பேச்சில் பொருள் இல்லை' என்று எழுதியிருந்தது. நல்லா இருக்கும்போது ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார். உடம்புக்கு முடியாவிட்டால் அவர் அம்மாவிடம் பேசிய தமிழ் மட்டும்தான் வரும். அன்றும் “கண்ணாடியக் குடும்மா, கண்ணாடி” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஜூலு நர்ஸே என்னிடம், “கண்ணாடி என்றால் என்ன?” என்று கேட்டார். சொன்னதும் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பேருக்கும் அவர் ஒருத்தர்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2002ஆம் வருட மனநலச் சட்டப்படி முதல் 72 மணி நேரம் மதிப்பீட்டுக் காலம். முடிவு பிடிக்காவிட்டால் நோயாளியோ குடும்பமோ 30 நாளுக்குள் மறுஆய்வு வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்த வாரியத்தில் சட்டம் படித்த ஒருவரும், ஊர்க்காரர் ஒருவரும் இருந்தே ஆக வேண்டும். மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழை நம் அரசியலமைப்பே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் மேல்முறையீடு செய்யலாம் என்று சித்தப்பாவுக்கு எந்த மொழியிலும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மனநல நோயாளிகளை வைத்துப் பராமரித்த லைஃப் எசிதிமெனி என்ற தனியார் நிலையத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2016இல் செலவைக் குறைக்கிறோம் என்று ஹௌட்டெங் மாகாண சுகாதாரத் துறை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அங்கிருந்து கிளப்பி, செல்லுபடியாகும் உரிமம்கூட இல்லாத அமைப்புகளிடம் ஒப்படைத்தது. திறந்த பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன லாரி) அள்ளிக்கொண்டு போனார்கள். மாட்டுச் சந்தை ஏலம் மாதிரி ஆள் பொறுக்கினார்கள் என்று சுகாதாரக் குறைகேள் அதிகாரி மக்கோபாவின் அறிக்கையே சொன்னது. 144 பேர் செத்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் முன்கூட்டியே எச்சரித்தன, கோர்ட்டுக்குப் போயின. யார் காதிலும் ஏறவில்லை.

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? சாமி வந்திருக்கு, செய்வினை என்று நோயாளியைக் கோயில் கோயிலாக இழுத்துப் போகிறோம். (கோயிலுக்குப் போவதில் தப்பில்லை, எனக்கும் காவடி உண்டு. போகலாமா என்று அவரைக் கேட்டோமா?) குழம்பில் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறோம். கல்யாணப் பேச்சு வந்தால் பின்அறையில் உட்கார வைக்கிறோம். எல்லாம் பாசம்தான்.

போன மாதம் சித்தப்பாவும் நானும் ஒரு பழைய பள்ளி நோட்டில், மறுபடி முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கை நடுங்க வைத்த அந்த ஊசி வேண்டாம், வேறு இருக்கிறதா என்று டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டும். தமிழ் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடம் வந்தது. நான் என் பெயரையே எழுதப் போனேன். பேனாவை வாங்கி, அத்தை பெயரை எழுதினார்.

“நீ ரெண்டாவது” என்றார்.

சரி என்றேன்.