எர்த் எல்லாம் இருக்கு சார்

கிடார்தான் ரிப்பேராம்.

எலக்ட்ரீஷியன் தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வந்து பார்த்ததற்குக் காசு வாங்கிக்கொண்டார், காபி குடித்தார், "நல்ல ஆளா பாத்து கிடார காட்டுங்க சார்" என்று இலவச ஆலோசனையும் கொடுத்தார். சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எந்தச் சத்தம் என்று விளக்கப் போவதில்லை. வீட்டில் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது கிடாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியை, வாங்கி வைத்து, கிடாரைச் செருகி, ஹெட்போனை மாட்டியவர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள். ங்ங்ங்ங்ங். கம்பியில் கை வைத்தால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி ங்ங்ங்ங்ங். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று; காதில் விழும் ரீங்காரம் அதன் இரட்டிப்பு, 100. கிடாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98. ஆக, என் வீட்டுச் சுவருக்குள் ஒரு மகானுபாவர் ராப்பகலாக ஜி வாசித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் சுருதியைக் கொஞ்சம் தூக்கி. நான் ஜி மேஜர் பிடித்தால் கூடவே சேர்ந்துகொள்வார்.

"ஈக்வலைசர்ல 100-ஐ வெட்டிடு ப்ரோ" என்கிறார்கள், வேண்டாத சுரத்தை மட்டும் குறைக்கிற கருவி அது. வெட்டலாம். 98-உம் சேர்ந்து போய்விடும், அப்புறம் கிடாரில் அடித்தளமே இருக்காது. "நாய்ஸ் கேட் போடு" என்கிறார்கள், சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் மொத்தமாக அடைத்துவிடும் கதவு அது. போட்டேன். கடைசி கார்டு மெல்லக் கரைந்து அடங்க வேண்டிய இடத்தில் படாரென்று கதவைச் சாத்துகிறது. "ஹம்பக்கர் வெச்ச கிடார் வாங்கு" என்று இன்னொரு கோஷ்டி. 1955-இல் கிப்சன் கம்பெனியில் செத் லவர் என்ற பொறியாளர் கிடார் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து, காற்றில் வரும் இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துவிடும்படி செய்தார். பெரிய மனுஷன், கோயில் கட்டலாம். ஆனால் அவர் தடுத்தது காற்று வழியாக வரும் இரைச்சலை. என் வீட்டில் அது கேபிள் வழியாகவே ஜம்மென்று நடந்து வருகிறது. அதற்கு இன்னொரு கிடார் வாங்கி என்ன செய்ய?

எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நின்றுவிடுகிறது. செருகினால் வருகிறது. சார்ஜருக்குள் ஒரு ஃபில்டர் உண்டு. வேண்டாத இரைச்சலை எல்லாம் மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பி வழியாக வெளியே தள்ளுவது அதன் வேலை. எர்த் இல்லாவிட்டால் அந்தக் குப்பை எங்கே போகும்? லேப்டாப்பின் உலோக உடம்புக்கு, அங்கிருந்து யூஎஸ்பி கேபிளுக்கு, இன்டர்ஃபேஸுக்கு, கிடார் கேபிளுக்கு, கடைசியில் என் காதுக்கு. சார்ஜில் இருக்கும்போது லேப்டாப் மூடியைத் தொட்டால் விரலில் ஒரு சுர்ர் வருமே, அதே சமாச்சாரம்தான். பேட்டரியில் ஓட்டி ரெக்கார்டு பண்ணலாமே என்பவர்களுக்கு: என் லேப்டாப் பேட்டரியின் ஆயுள், டியூன் பண்ணி, மெட்ரோனோம் போட்டு, முதல் டேக்கில் சொதப்பி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஆக, தேவை ஒரு எர்த். பச்சைக் கம்பி. அவ்வளவுதான். கேட்டது ஸ்டுடியோ இல்லை.

இப்போது எலக்ட்ரீஷியன் வந்த கதைக்கு வருகிறேன். "வண்டிய எடுத்துட்டேன் சார்", "சிக்னல்ல இருக்கேன் சார்", "உங்க தெருலதான் சார்" என்று போனிலேயே பல நாள் பயணம் செய்து, ஒருவழியாக நேரில் வந்து சேர்ந்தார். கையில் பை கிடையாது. சட்டைப் பாக்கெட்டில் ஒரு டெஸ்டர். அதை மூன்று ஓட்டை பிளக் பாயின்டில் வலது பக்கம் நுழைத்தார். லைட் எரிந்தது.

"கரண்ட் வருது சார்."

"கரண்ட் வருதுண்ணே, அதான் லேப்டாப் ஓடுது. எர்த் வருதான்னு பாருங்க."

மேல் ஓட்டையில் நுழைத்தார். லைட் எரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எர்த் எல்லாம் இருக்கு சார். பாருங்க, எரியல."

எர்த் இருந்தாலும் டெஸ்டர் எரியாது, இல்லாவிட்டாலும் எரியாது. சுவரில் நுழைத்தாலும் எரியாது. கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும், பளிச்சென்று எரிந்தால்தான் எர்த் உருப்படியாக இருக்கிறது என்று அர்த்தம். "டெஸ்ட் லாம்ப் இருக்காண்ணே?" என்றேன். "அதெல்லாம் பெரிய சைட்டுக்குத்தான் சார்." சரி, பிளேட்டையாவது கழற்றிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். ஸ்க்ரூடிரைவரும் என்னுடையதுதான்.

கழற்றினார். உள்ளே ஒரு சிவப்புக் கம்பி, ஒரு கறுப்புக் கம்பி. மேல் முனையில் கம்பி கிடையாது, கம்பி இருந்த சுவடும் கிடையாது. ஸ்க்ரூ கம்பெனியில் முறுக்கியபடியே புத்தம் புதிதாகப் பளபளத்தது, அதன் மேல் ஒரு சிலந்தி கூடு கட்டிக் குடியிருந்தது. இந்த வீடு கட்டிய நாளிலிருந்து அந்த ஓட்டை அழகுக்காக இருந்திருக்கிறது. மூன்று பின் பிளக்கை அதில் செருகி, பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பி, ஃபிரிட்ஜையும் வாஷிங் மிஷினையும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பார்த்ததும் அந்த மனிதர் பதறுவார் என்று நினைத்தீர்களா? "பழைய வீடு எல்லாமே இப்படித்தான் சார்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் சலுகை தருகிற தோரணையில், "ஒரு சின்ன கம்பி போட்டு நியூட்ரல்லருந்து லூப் அடிச்சு விட்டுடறேன். எர்த் ஆயிடும்." நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகிற அந்தக் கறுப்புக் கம்பி.

அய்யா! நியூட்ரலை எர்த்தில் கோத்துவிட்டு, நாளைக்கு அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் என்ன ஆகும்? லேப்டாப்பின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். அங்கிருந்து யூஎஸ்பி, இன்டர்ஃபேஸ், கேபிள், கிடாரின் பிரிட்ஜ், ஆறு கம்பி, என் பத்து விரல். ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பவருக்கும் அதே பிரசாதம். எனக்குப் பொறுக்கவில்லை. 1972-இல் ஸ்டோன் தி க்ரோஸ் என்ற குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸில் ஸ்வான்சீ ஊரில், மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு ஷாக்கடித்துச் செத்துப்போனார் என்று நின்ற இடத்திலேயே அவருக்குச் சொன்னேன். தேதி வாரியாக, ஊர் வாரியாக.

முழுசாகக் கேட்டார்.

"அது வெளிநாடு சார். அங்கெல்லாம் ஈரம் ஜாஸ்தி."

சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஈரத்தைப் பற்றி! புதுக் கம்பி மாட்டிய சூட்டோடு துருப்பிடிக்கிற ஊரில்! சரி, காதால் கேட்டால் நம்புவார் என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். ங்ங்ங்ங். சார்ஜரைப் பிடுங்கினேன். நிசப்தம். செருகினேன். ங்ங்ங்ங். பிடுங்கினேன். நிசப்தம். கோர்ட்டில் வைத்தால்கூட இதைவிடச் சுத்தமாக ஒரு சாட்சியத்தை நிரூபிக்க முடியாது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். யோசித்தார்.

"அப்போ சார்ஜர எடுத்துட்டே வாசிங்க சார்."

அதன் பிறகு கிடாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஜாக்கில் விரலை விட்டு ஆட்டிவிட்டுச் சொன்னதுதான் முதல் வரியில் இருக்கும் தீர்ப்பு.

அவரைச் சொல்லி என்ன, என்னைக் கெடுத்தது அந்த வீடியோக்காரர்கள். "பெட்ரூமே போதும், ஸ்டுடியோ ரெடி!" என்று கூவுகிறார்களே, அவர்கள் யாருடைய பெட்ரூமைச் சொல்கிறார்கள்? தரையில் கணுக்கால் புதையும் கம்பளம், மரச் சுவர், ஜன்னலுக்கு வெளியே பனி. ஒரு ஈ காக்கா இல்லை. என் பெட்ரூமில் டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு பீரோ. கைதட்டினால் மூலைக்கு மூலை திரும்பி வருகிறது. ஆறாவது கம்பியைத் தட்டினால் பீரோவின் பூட்டில் தொங்கும் சாவிக்கொத்து கிலுகிலுவென்று கூட வாசிக்கிறது. அதற்குத் துணி சுற்றி வைத்தால், துணியோடு சாவியைக் காணோம் என்று வீடே என்னைத் தேடுகிறது.

அகூஸ்டிக் கிடாரை மைக் வைத்துப் பதிவு செய்யலாமே என்று சொல்லாதீர்கள். கண்டென்சர் மைக் ஓடத் தேவையான 48 வோல்ட்டைத் தட்டிவிட்டால் அது முதலில் கேட்பது ஃபேனை. ஃபேனை நிறுத்தினால் மே மாதம். ஜன்னலைச் சாத்தினால் மே மாதம் ஸ்கொயர். அதையும் பொறுத்துக்கொண்டு வேர்வை ஒழுக வாசித்தால் கீழே மோட்டார் போடுவார்கள். மோட்டார் நின்றால் "பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக்" வண்டி ஸ்பீக்கரோடு வரும். என் டேக்கில் நான் வாசித்ததைவிட அந்த அண்ணன் குரல்தான் தெளிவாக இருக்கிறது, அதுவும் பீட்டில் நிற்கிறார்.

முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்று சொன்ன புண்ணியவானை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன். முட்டை அட்டை முட்டைக்கு. அறைக்குள் எதிரொலியின் கீச்சுப் பகுதியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், கனமான சுவர் வேண்டும், கதவிடுக்கு அடைபட வேண்டும். காகிதக் கூழுக்கு ஏது அந்தப் பலம்? ஆனால் ஒட்டியாயிற்று, டபுள் டேப்பில். ஏனென்றால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஹவுஸ் ஓனரின் முதல் கட்டளை.

அந்தக் கட்டளைக்குச் சொந்தக்காரருக்குத்தான் அடுத்து போன் போட்டேன். எர்த் கம்பியே இழுக்கவில்லை சார், ஆபத்து சார், மண்ணில் குழி தோண்டி ஒரு எர்த் பிட் போட்டு மெயின் போர்டிலிருந்து கம்பி இழுக்க வேண்டும் சார் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

"இத்தனை வருஷமா எத்தனையோ பேர் குடியிருந்தாங்க தம்பி. ஒருத்தர்கூட எர்த் கேட்டதில்லையே. நீங்கதான் முதல் ஆளு."

பெருமையாக இருந்தது. அப்புறம், "அதென்ன தம்பி, எலக்ட்ரீஷியன் சொன்னாரு, சுவர்ல எல்லாம் முட்டை அட்டையா ஒட்டி வெச்சிருக்கீங்களாமே?"

சொல்லிவிட்டார்! எர்த் இல்லை என்பதைச் சொல்லவில்லை, சிலந்தியைச் சொல்லவில்லை, அட்டையை மட்டும் போய்ச் சொல்லியிருக்கிறார். "அதை எடுத்துடுங்க தம்பி, பெயின்ட் உரிஞ்சிடும்" என்று போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். ஹெட்போன் பக்கத்தில் கிடந்து ங்ங்ங் என்றது.

ஆனால் பெயின்ட் என்றதும்தான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வருகிறது. இந்தச் சுவரில் பெயின்ட் எங்கே இருக்கிறது? சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகு வெள்ளையாகிறது, அது சுண்ணாம்பு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிற மனிதர், எர்த் இல்லாத கரண்டுக்கு! காலி பண்ணும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாச வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார், எல்லோரும் பிடிக்கிறார்கள். அடுத்து குடிவருகிறவரும் அதே சுண்ணாம்பைத்தான் முதுகில் சுமப்பார், அவரிடமும் பிடிப்பார்கள். அந்தப் பெயின்டை இதுவரை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? என்ன கலர்?