காய்ச்சல் விட்ட பிறகுதான் கதை

தலைக்கு வார்த்தாச்சு என்றால் காய்ச்சல் முடிஞ்சுது. எங்கட ஊர்க் கணக்கு இதுதான். அடுத்த நாள் பிள்ளை ரியூசனுக்குப் போகும், தகப்பன் கடை திறப்பார். அம்மா காய்ச்சலோடயே சமைச்சுக்கொண்டுதான் இருந்திருப்பா, அதை யாரும் கணக்கில எடுக்கிறதில்லை. இந்தக் கணக்கு பிழை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்கும் ரத்தக்குழாய்க்கும் வைக்கிற வேட்டு, பல நேரம் சூடு இறங்கும்போதோ இறங்கிய பிறகோதான் வெடிக்கிறது.

டெங்கை எடுங்கள். 2017இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் பிடித்து 440 பேரைக் கொண்டுபோனது. வாட்டுக்கு ஆள் பார்க்கப் போகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பிளேற்லெற் எவ்வளவு?" குறைந்தால் பப்பாசி இலைக்கு ஓட்டம். ஆனால் வைத்தியர் அதைவிடக் கவனமாகப் பார்ப்பது பி.சி.வி.யை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்கிற கணக்கை. டெங்கில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது; நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்குகிறது. உள்ளே மிஞ்சுகிற ரத்தம் தடிப்பதால் பி.சி.வி. ஏறும். காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களில் ரத்தம் எடுத்துத் தேடுகிறார்களே என்.எஸ்.1, வைரஸ் வெளிவிடுகிற அந்தப் புரதமே உட்சுவரின் பூச்சை அரிக்கிற வேலையையும் செய்கிறது. கசிவு தொடங்குவது அநேகமாகக் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்; ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். வீட்டில் "அப்பாடா" என்று மூச்சு விடுகிற அதே நேரம். கை கால் சில்லிட்டு, வயிறு நொந்து, சலம் போவது குறைந்தால் அது சுகம் வந்த அறிகுறி இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பு நோவுக்கென்று பாமசியில் டைக்ளோபினாக், இபுபுறூபன் வாங்கிப் போடவே கூடாது. பரசிற்றமோல் மட்டும்.

சரி, டெங்கு என்றால் பயம் இருக்கிறது. "வெறும் தடிமன் காய்ச்சல்" என்கிறோமே, அதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. எங்கட சொந்தக்காரர் நிறைந்திருக்கிற கனடாவின் ஒன்ராறியோவில் செய்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. பரிசோதனையில் இன்புளுவன்சா உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு, மற்ற நாட்களைவிடச் சுமார் ஆறு மடங்கு. காரணம் விளங்காததல்ல. தொற்றோடு போராடுகிற உடம்பில் ரத்தம் சுலபமாக உறையும். குழாய்க்குள் பல வருடமாகப் படிந்திருந்த கொழுப்பு அழற்சியால் வெடிக்கும். காய்ச்சலில் இதயம் வேகமாக அடிக்க, அதற்கு ஒட்சிசனும் கூடத் தேவைப்படும். கொரோனாவால் இறந்தவர்களின் முடியுரு நாடிகளில், அதாவது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களில், அந்தக் கொழுப்புப் படிவுக்குள்ளேயே வைரஸ் இருந்ததை 2023இல் காட்டினார்கள்.

ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளைகள் வருசா வருசம் புளூ ஊசி போடுவார்கள். இங்கே இதய நாடி அடைபட்டு, அதை விரித்துவைக்க ஸ்ரென்ற் வைத்த அப்பாவுக்கு மீன் எண்ணெய்க் குளிசை அனுப்புவார்கள், ஊசியைப் பற்றி மூச்சும் இல்லை. மாரடைப்பு வந்த கையோடு இன்புளுவன்சா ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. வங்காளதேசமும் அதில் இருந்தது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 2.9 வீதம், போடாதவர்களில் 4.9 வீதம். அடுத்தமுறை கிளினிக் போகும்போது அப்பாவுக்கு இது பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்கிறதுக்குக் காசு தேவையில்லை.

இனி இளம் பெடியள். எங்கட ஒழுங்கையில் ஒருத்தன், நல்ல உதைபந்தாட்டக்காரன். காய்ச்சல் விட்ட கையோடு பிரக்டிசுக்குப் போய்விட்டு வந்தவன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், சைக்கிளை உள்ளே எடுக்க ஏலாமல். "நெஞ்சு அமத்துது அம்மா." "உது வாய்வு" என்று தாய் ஓமத்தண்ணி கொடுத்தா. நல்லவேளை, தகப்பன் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போனார். ஈசிஜியில் மாற்றம்; இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரொபோனினும் கூடியிருந்தது. இதயத் தசை அழற்சி. கொக்சாக்கி பி போன்ற வைரஸ்கள் இதயத் தசைக் கலத்துக்குள் புகுந்து, அதைத் தாங்கி நிற்கிற புரதத்தையே வெட்டும். பிறகு வைரசை விரட்ட வருகிற எங்கட எதிர்ப்புச் சக்தியும் தன் பங்குக்குத் தசையைக் கெடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு மாறிவிடும். ஆனால் மாறுகிற காலத்தில் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் விழுந்துவிடலாம். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதம் விளையாட்டு வேண்டாம் என்கிறார்கள். அவன் இப்போது வீட்டில் இருந்து எல்லாரோடும் சண்டை பிடிக்கிறான். பிடிக்கட்டும்.

எங்கட பள்ளிக்கூடங்களில் மரதன் ஓட்டமும் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியும் வருவது தை, மாசியில். காய்ச்சல் கூடுகிற மார்கழி, தை முடிய முடிய. பி.ரி. சேர்மாரே, ஓட்டத்துக்குப் பெயர் எடுக்கும்போது "கிட்டடியில் யாருக்குக் காய்ச்சல் வந்தது? நெஞ்சு நோவு, இளைப்பு, படபடப்பு இருக்குதா?" என்று கேளுங்கள். இருந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள். ஓடாத பிள்ளையின் இல்லத்துக்குப் புள்ளி குறைக்காதீர்கள். தாய் கடிதம் கொடுத்துவிட்டால், வகுப்புக்கு முன்னால் "கள்ளச் சாட்டு" என்று சிரிக்கவும் வேண்டாம்.