ஜோக்கரை வெறுக்கவும் தெரிய வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் காமிக்ஸ் ரசிகர்கள் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் அந்த 40 விநாடி வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை அக்கா மகனே அதை எனக்கு அனுப்பி, "மாமா, இது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

மேடையில் பேசிய தம்பி நன்றாகப் படித்தவர், பேச்சும் நன்றாகத்தான் இருந்தது. முடிக்கும்போது மட்டும், பேட்மேன் காமிக்ஸில் வருகிற வில்லன் ஜோக்கர்தான் அந்தக் கதைகளின் உண்மையான நாயகன், அவனை வெறுக்கிறவர்களுக்குக் காமிக்ஸ் படிக்கவே தெரியவில்லை என்றார். நான் எழுந்து, "ரசிக்கலாம் தம்பி, ஆனா வெறுக்கவும் வேணும்" என்று ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, இது ஒங்க காலத்து நம்பியார் இல்ல, உக்காருங்க" என்றார். அரங்கமே சிரித்தது. மைக் அடுத்த ஆள் கைக்குப் போய்விட்டது. நான் சொல்ல வந்ததை இங்கே சொல்கிறேன்.

ஜோக்கரை எனக்குப் பிடிக்கும். அவன் ஒரு பக்கத்தில் தலைகாட்டினால் கதைக்கே உயிர் வருகிறது. 1940-ல் முதல் கதையிலேயே வானொலியில் ஆள் பெயரைச் சொல்லி, நள்ளிரவில் சாவான் என்று அறிவிக்கிறான். போலீஸ் சுற்றி நிற்கும்போதே அந்த ஆள் சொன்ன நேரத்தில் சாகிறான், முகத்தில் கோரமான இளிப்போடு. அந்த முதல் இதழிலேயே ஜோக்கரையும் சாகடித்துவிடத்தான் திட்டம். இதழாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்ததால், அவன் பிழைத்துக்கொண்டதாக ஒரு படக் கட்டத்தைச் சேர்த்தார்கள். அவன் இருந்தால் கதை ருசிக்கும் என்று அந்த மனிதருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே ரசிக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்ல வேண்டாம்.

1978-ல் வந்த ஒரு கதை. கடல் மீன்களுக்கெல்லாம் தன் இளிப்பு வரும்படி ஜோக்கர் விஷம் கலந்துவிடுகிறான். அப்புறம் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், இந்த மீன்களில் இருப்பது என் முகம், விற்கிற ஒவ்வொரு மீனுக்கும் எனக்குப் பங்கு வேண்டும் என்கிறான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இப்படி ஒரு யோசனை வேறு எந்த வில்லனுக்கு வரும்? அங்கே இருக்கும் அதிகாரி, மீனுக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது என்று உள்ளதைச் சொல்கிறார். தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். அன்று நள்ளிரவு அவர் சாகிறார், அதே இளிப்போடு.

இரண்டு பக்கம் முன்னால் சிரித்த என் வாயை என்ன செய்வது? அந்தக் கதையின் பலமே அதுதான். நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று அப்புறம் காட்டுகிறான். சிரிப்பு வராவிட்டால் அவன் வெறும் கொலைகாரன், வெறுப்பு வராவிட்டால் வெறும் கோமாளி. 1954-ல் அமெரிக்காவில் காமிக்ஸ்களுக்குக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு அவனைக் குறும்புக்காரனாக மாற்றிப் பல வருடம் ஓட்டினார்கள். 1973-ல் மறுபடி கொலைகாரனாக்கிய பிறகுதான் ஜோக்கர் ஜோக்கரானான். அவனை வெறுக்கும்படி எழுதியவர்கள்தான் அவனைக் காப்பாற்றினார்கள்.

நம்பியார் என்று சொன்னீர்களே தம்பி, அதற்கும் வருகிறேன். எங்கள் ஆச்சி அம்பாசமுத்திரம் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். நம்பியார் கையைப் பிசைந்து ஒரு சிரிப்புச் சிரித்தால், "நாசமாப் போவான்" என்று மண்ணை வாரித் தூற்றுவாள். அடுத்த வாரம் வேறு படம் வந்தால் நம்பியார் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். படிக்காத அந்த மனுஷிக்கு ரசிக்கவும் தெரிந்தது, வெறுக்கவும் தெரிந்தது. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குப் போனவர்களுக்கும் இது தெரியும். யானை முகம், சிங்க முகம் என்று தலை மாற்றி மாற்றிச் சூரன் வரும்போது அப்பா தோளில் இருந்த எனக்குப் பயமும் தாங்காது, பார்க்காமலும் இருக்க முடியாது. கடற்கரையில் நிற்கிற அத்தனை பேரும் அவன் வரவுக்குத்தான் காத்திருப்பார்கள். தலை விழும்போது அரோகரா போடுவதும் அதே கூட்டம்தான். சூரன் பாவம் என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2019-ல் வந்த 'ஜோக்கர்' படம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அழுதேன். நியாயமான கேள்விதான். நோயோடும் அவமானத்தோடும் ஒருவனைத் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்று அந்தப் படம் கேட்டதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது ஆர்தர் என்கிற ஒருவனின் கதை. காமிக்ஸில் ஜோக்கருக்கு உறுதியான பழைய கதையே கிடையாது. தன் கடந்த காலம் தனக்கே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நினைவு வருகிறது என்று 1988 கதை ஒன்றில் அவனே சொல்கிறான். பேட்மேனின் நண்பரான போலீஸ் கமிஷனர் கார்டனின் மகளைக் கதவைத் திறந்த மாத்திரத்தில் சுட்டு, அவள் நடக்க முடியாமல் போவது அதே கதையில்தான். அந்தப் பெண்ணைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

 

கெட்டவனை ரசிக்காத பரிசுத்தவான் நான் என்றும் சொல்லவில்லை. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் வேறு ஆள்) படித்து வளர்ந்தவன் நான். அவனுடைய வலைத் துப்பாக்கியும் பறக்கிற ஹெலிகாரும் கனவில் வரும். ஸ்பைடர் பின்னால் நல்லவன் பக்கம் வந்துவிட்டான், அதனால் மனசு உறுத்தாமல் ரசிக்க முடிந்தது. ஜோக்கர் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை.

காமிக்ஸ்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. பேச்சு திக்கும். தெருமுனை டீக்கடையில் ஒருத்தன் இருந்தான். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பான், யாரைப் போலவும் பேசிக் காட்டுவான். அவன் இல்லாத நாளில் கடையே களையிழந்து கிடக்கும். எனக்கும் அவனை அவ்வளவு பிடிக்கும். பன்னிரண்டு வயதில் ஒருநாள் பால் வாங்க நிற்கிறேன். "ஏலே, கணக்குப்பிள்ள வாராரு பாருல" என்று சொல்லிவிட்டு, ஒரு டீ சொல்ல அப்பா படுகிற பாட்டை அப்படியே நடித்துக் காட்டினான். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது பார்த்தால் அப்பா எனக்குப் பின்னால் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்காமல் மில்லுக்குப் போய்விட்டார்.

அவன் கெட்டிக்காரன் என்பதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். நினைத்தால் இன்றைக்கும் அந்த நடிப்பு அச்சு அசலாகக் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் அவனை மன்னிக்க முடியவில்லை. ஜோக்கரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடைதான். நம் ஊர்ப் பிள்ளைகள் அரிவாள் படத்துக்குப் பக்கத்தில் ஜோக்கர் முகத்தை வைத்து ஸ்டேட்டஸ் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று நான் சொல்லவே இல்லை, அப்படித் திரித்து எழுத வேண்டாம். அந்த முகத்துக்குக் கீழே செத்துக் கிடப்பவரைக் காட்டாமல் முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன். நாயகன் என்று மேடையில் சொல்லும்போது நாமும்தானே வெட்டிக் கொடுக்கிறோம்?

1988-ல் பேட்மேனின் சின்ன வயதுக் கூட்டாளி ராபினைச் சாகவிடலாமா என்று வாசகர்களிடம் தொலைபேசியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். 72 வாக்கு வித்தியாசம். ஜோக்கர் கம்பியால் அடித்துக் குண்டு வைத்த அந்தப் பையன் அதில்தான் செத்தான். காசு கொடுத்துக் கூப்பிட்டு அதைச் சொன்ன வாசகர்களும் ரசிகர்கள்தான், நம்மைப் போல.

வீடியோவை எடுத்துவிடும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை. இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். அந்த மீன் கதையைக் கொண்டுவருகிறேன். தம்பி, நீங்களும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்போம். மீனுக்குப் பங்கு கேட்கிற இடத்தில் சிரிப்போம், நானும் சிரிப்பேன். நள்ளிரவுப் பக்கம் வந்ததும் ஜோக்கரை விட்டுவிட்டு, அந்த அதிகாரியின் முகத்தை மட்டும் ஒரு நிமிஷம் பாருங்கள்.