தண்டிக்கப்பட்ட போலீஸ்காரரின் பெயரை நாம் ஏன் அறியக்கூடாது?

ஒரு போலீஸ் அதிகாரி தவறு செய்தார் என்று அவருடைய துறையே விசாரித்து, முடிவுக்கு வந்து, தண்டனையும் விதித்துவிட்ட பிறகு, அந்த முடிவு பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவருடைய பெயர், பதவி, பணியாற்றிய நிலையம், உறுதியான குற்றம், கிடைத்த தண்டனை ஆகியவை அந்த ஆவணத்தில் இருந்தால் போதும். இன்று மலேசியாவில் நமக்குக் கிடைப்பவை மொத்த எண்ணிக்கைகள் மட்டுமே. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது, இத்தனை பேர் மீது கட்டொழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது, இத்தனை பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள் என்று பதில் வருகிறது. யார், எங்கே, எதற்காக என்பது கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

நம் நாட்டு அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிமுறைகளில் எச்சரிக்கை, அபராதம், சம்பள உயர்வு ஒத்திவைப்பு, பதவி இறக்கம், பணிநீக்கம் என்று தண்டனைகள் படிப்படியாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எச்சரிக்கைக்கும் பணிநீக்கத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கின் பிறை நகரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகன் விசாரணையின்போது அறையப்பட்டதாகப் புகார் கொடுத்தார்கள். பல மாதங்கள் கழித்து, விசாரணை முடிந்தது, தகுந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு கடிதம் வந்தது. அந்த நடவடிக்கை எச்சரிக்கையா, அபராதமா, வெறும் இடமாற்றமா என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. புகார் கொடுத்தவருக்கே முடிவைச் சொல்ல மறுக்கும் ஓர் ஏற்பாட்டை நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அதிகாரி இன்று வேறோர் ஊரில் பணியில் இருந்தால், அந்த ஊர் மக்களுக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

தமிழர்களாகிய நமக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2009 ஜனவரி 20 அன்று ஆ. குகன் என்ற இளைஞர் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் தடுப்புக் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் ஏற்பட்ட மரணம் என்று முதல் சவப் பரிசோதனை கூறியது. குடும்பத்தினர் விடாமல் போராடி மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடத்திய இரண்டாவது பரிசோதனைதான், கடுமையாக அடிக்கப்பட்டதால் தசைகள் சிதைந்து சிறுநீரகங்கள் செயலிழந்ததை வெளிக்கொண்டு வந்தது. 2013இல் உயர் நீதிமன்றம் அவருடைய குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடந்தது என்பதே. ஒரே ஒரு கான்ஸ்டபிள் மட்டுமே குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அந்த நிலையத்தில் பொறுப்பில் இருந்த மற்றவர்கள் துறைக்குள் என்ன விளக்கம் அளித்தார்கள், அவர்களின் பணிப் பதிவில் என்ன எழுதப்பட்டது என்பவற்றைப் பொதுமக்கள் யாரும் பார்த்ததில்லை. இழப்பீட்டுத் தொகை மட்டும் நம் வரிப்பணம்.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் டாய்டின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம், 2005இல் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றுள் தலையாயது ஐபிசிஎம்சி என்னும் சுயேச்சை ஆணையம். போலீஸாரைத் தானே விசாரித்துத் தானே தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும் என்பதே அந்தப் பரிந்துரையின் உயிர்நாடி. அதற்குப் பதிலாக 2011இல் பல அமலாக்க நிறுவனங்களையும் ஒருசேரக் கவனிக்கும் இஏஐசி என்னும் ஆணையம் வந்தது. போலீஸாருக்கெனத் தனியாக ஐபிசிசி என்னும் ஆணையத்தை அமைக்கும் சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இந்த ஆணையம் புகார்களை விசாரிக்கலாம், முடிவைச் சொல்லலாம். தண்டிக்கும் அதிகாரம் போலீஸ் படை ஆணையம் முதலான கட்டொழுங்கு அமைப்புகளிடமே இருக்கிறது. கோப்பு அங்கே போய்ச் சேர்ந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. 2013இல் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் இறந்த ந. தர்மேந்திரனின் மரணத்துக்குப் போலீஸார் பயன்படுத்திய பலாத்காரமே காரணம் என்று இஏஐசி 2016இல் பகிரங்கமாகவே அறிவித்தது. அத்தகைய அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் பிறகு துறைக்குள் யாருக்கு என்ன நடந்தது என்பதையும் அதே போலப் பகிரங்கமாக அறிவிக்க எந்தக் கடப்பாடும் இல்லை.

பினாங்கில் வாழும் எனக்கு இந்த முரண்பாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நம் மாநிலச் சட்டமன்றம் 2010இலேயே தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. சிலாங்கூரும் அடுத்த ஆண்டே அதைச் செய்தது. அதன்படி மாநில இலாகா ஒன்றிடமோ ஊராட்சி மன்றத்திடமோ நான் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். போலீஸ் துறை கூட்டரசின் கீழ் வருவதால் அந்தச் சட்டம் அதை எட்டாது. எட்டுவதோ 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம். ஓர் ஆவணம் இரகசியமானது என்று பொறுப்பதிகாரி சான்றளித்துவிட்டால், 16அ பிரிவின்படி நீதிமன்றமும் அந்தச் சான்றைக் கேள்வி கேட்க முடியாது.

பெயரை வெளியிடுவது நம் நாட்டுக்குப் பழக்கமில்லாத காரியமும் அல்ல. ஊழல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயரையும் புகைப்படத்தையும் ஊழல் தடுப்பு ஆணையம் தன் இணையத்தளத்திலேயே வெளியிடுகிறது. துப்பாக்கியும் கைவிலங்கும் வைத்திருப்பவருக்கு அதைவிடக் கூடுதலான மறைப்பு எதற்கு?

வழக்கறிஞர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுவே மிக முக்கியமானதாகப் படுகிறது. போதைப்பொருள் வழக்குகளில் பொருள் எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது என்பதற்குப் பெரும்பாலும் போலீஸ்காரரின் சாட்சியமே ஆதாரம். அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவில் உள்ள அனுமானங்கள், அதாவது மறுத்து நிரூபிக்கப்படும் வரை உண்மை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்பவை, அந்தச் சாட்சியத்துக்கு மேலும் வலுச் சேர்க்கின்றன. சாட்சிக் கூண்டில் நிற்கும் அதிகாரி முன்பு ஒரு முறை பொய் அறிக்கை எழுதியதற்காகத் துறைக்குள் தண்டிக்கப்பட்டவர் என்றால், ஓர் இளைஞனின் உயிரையோ ஆயுளையோ தீர்மானிக்கப்போகும் நீதிபதிக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? கலிபோர்னியா மாநிலம் 2019 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய சட்டம், துப்பாக்கிச் சூடு, கடும் காயம் விளைவித்த பலாத்காரம் ஆகியவற்றோடு, உறுதிப்படுத்தப்பட்ட பொய்யுரையையும் திறக்க வேண்டிய ஆவணங்களில் சேர்த்திருப்பதற்கு இதுவே நியாயம்.

பொய்ப் புகார்களால் நேர்மையான அதிகாரியின் பெயர் கெடும் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். குண்டர் கும்பலை மடக்கும் அதிகாரி மீது அந்தக் கும்பலே புகார் கொடுப்பது நடக்கக்கூடியதுதான். எனவே உறுதியாகாத புகார்களில் பெயர் வேண்டாம். நிலையவாரியான எண்ணிக்கை போதும். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், குடும்ப விவரம் எதையும் வெளியிடக்கூடாது. ஆனால் ஆவணங்களைத் திறந்தால் போலீஸாரின் உயிருக்கு ஆபத்து என்ற வாதம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. நியூயார்க் மாநிலம் 1976 முதல் இந்தப் பதிவுகளைச் சட்டம் போட்டு மூடி வைத்திருந்தது. 2014இல் எரிக் கார்னர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தபோது, அந்த அதிகாரி மீதிருந்த பழைய புகார்களை அந்தச் சட்டத்தைக் காட்டியே மறைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து யாரோ கசியவிட்டபோதுதான் அவை வெளியே தெரிந்தன. 2020 ஜூனில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டதும் போலீஸ் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. இத்தகைய ஆவணங்களை முன்பே திறந்துவிட்ட பல மாநிலங்களில் போலீஸாருக்கு ஆபத்து கூடியதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியே அமெரிக்கக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அவற்றின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பணிநீக்கம் செய்யப்பட்ட போலீஸாரின் பட்டியலை 2017 டிசம்பர் முதல் யாரும் தேடிப் பார்க்கலாம்.

நம் பிள்ளைகளும் போலீஸ் படையில் சேர்ந்து நேர்மையாக உழைக்கிறார்கள். எவர் தவறு செய்தார் என்பது மறைக்கப்படும்போது, சந்தேகம் அந்தச் சீருடையை அணிந்த அத்தனை பேர் மீதும் படிகிறது. இது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஐபிசிசி சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். ஆணையம் அனுப்பிய ஒவ்வொரு முடிவுக்கும் கட்டொழுங்கு அமைப்பு என்ன செய்தது என்பதைக் குறித்த காலத்துக்குள் பெயருடன் வெளியிட வேண்டும். பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் பிரதி கிடைக்க வேண்டும். இந்தக் கடப்பாடு இனி வரும் கோப்புகளோடு நின்றுவிடக்கூடாது. 2011 முதல் இஏஐசி அனுப்பிய கோப்புகளுக்கும், முதலில் தடுப்புக் காவல் மரணக் கோப்புகளுக்கு, பொருந்த வேண்டும். பினாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பவிருக்கிறேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களும் எழுதுங்கள்.