ப்ரீ-அவுட் இருக்கிறதா பாருங்கள்

ஹோம் தியேட்டருக்கு, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ரிசீவரைவிடத் தனித்தனி ஆம்ப்தான் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) எப்போதும் மேல் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. சிறிய அறை, 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ரிசீவரே தாராளம். 80 வாட்டிலிருந்து 160-க்குப் போனாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சற்றே கூடுதல் சத்தம். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் கதை வேறு, அது கரண்டை அதிகம் இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் இரண்டு சேனல் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் வழி) மட்டும் ஓடும்போது அளந்தது. ஐந்து சேனலும் சேர்ந்து இழுத்தால் பவர் சப்ளை திணறும். ரிசீவர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளப் புரொடெக்‌ஷனில் போய் அணைந்துவிடவும் கூடும்.

ரிசீவர் வாங்கும்போதே பின்பக்கம் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்புக்கு ஒலி சிக்னலை அனுப்பும் சாக்கெட்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிறகு முன் இரண்டு சேனலுக்கு மட்டும் பவர் ஆம்ப் சேர்க்கலாம். சேர்த்ததும் ரூம் காலிபிரேஷனை (மைக் வைத்து அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் வசதி) மறுபடி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சேனல் அளவுகள் ஒத்துவராது. 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் ரிசீவர், பவர் ஆம்ப் இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் போடுங்கள். கேபிள் டிவி ஒயரையும் கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.