2,840 பாக்டீரியாவாம். யார் எண்ணினது?

ஒருவர் சாப்பாட்டுக் கடைக்குள் கருவியோடு போய்க் கிருமி பிடிக்கும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்தாயிற்று. வெட்டுப்பலகையில் ஸ்வாப்பை (பஞ்சு நுனிக் குச்சியை) தேய்க்கிறார், கைக்கருவிக்குள் நுழைக்கிறார், திரையில் 2,840. "பார்த்தீங்களா, 2,840 பாக்டீரியா!" பின்னணியில் திகில் இசை. ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் ஒரு ஊழியர். கீழே கோப முகங்கள் வரிசை கட்டுகின்றன.

ஐயா, அந்த மீட்டர் பாக்டீரியாவை எண்ணாது. ஒன்றைக்கூட எண்ணாது. அது அளப்பது வெளிச்சத்தை. மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கிற லூசிஃபரேஸ் நொதிதான் அந்தக் குழாயிலும் இருக்கிறது. பலகையிலிருந்து வரும் ஏ.டி.பி. (உயிரணுக்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) அதோடு சேர்ந்தால் ஒளி வரும், அதை ஆர்.எல்.யு. என்ற ஒப்பீட்டு ஒளி அலகில் மீட்டர் காட்டும். ஏ.டி.பி. கிருமியிலும் உண்டு, தக்காளிச் சாற்றிலும் உண்டு, இறைச்சியிலும் உண்டு. இப்போதுதான் தக்காளி நறுக்கிய பலகையைத் தேய்த்தால், நோய்க்கிருமி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் எண் எகிறும். ஆர்.எல்.யு.வுக்குப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனி மீட்டரில் தேறாத பலகையின் எண்ணை இன்னொரு கம்பெனி மீட்டரின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஒரு பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஏ.டி.பி. மிகச் சொற்பம், ஆயிரக்கணக்கில் கூடினால்தான் மீட்டருக்கு உறைக்கும். வைரஸில் ஏ.டி.பி.யே இல்லை. நன்றாகத் துடைத்த பலகையில் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் ஒட்டியிருந்தாலும் "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்துவிடும்.

கழுவியது சரியாக நடந்ததா என்ற ஒரே கேள்விக்குத்தான் அந்த மீட்டரிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கும் முறை உண்டு. குளிரில் (2–8 டிகிரி) வைத்த ஸ்வாப்பை அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இடத்தில், சுழற்றியபடி நெடுக்காகவும் குறுக்காகவும் அழுத்தித் தேய்க்க வேண்டும். குழாயை உடைத்துக் குலுக்கியதும் தாமதிக்காமல் மீட்டரை நிமிர்த்திப் பிடித்துப் படிக்க வேண்டும். குளோரின் மிச்சம் இருந்தால் ஒளி மங்கி எண் குறைவாக வரும், அழுக்குப் பலகை தேறிவிடும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: குழாயிலிருந்து உருவும்போது ஸ்வாப் நுனி அவருடைய கட்டைவிரலில் உரசுகிறது. அந்த 2,840-இல் அவர் விரலுக்கு எவ்வளவு பங்கு?

"லேப் ரிப்போர்ட் வர நாள் கணக்காகும், அதுவரை தின்று சாவதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானும் கையடக்கக் கருவிகளுக்கு எதிரியில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமிக்குப் பல உணவுகளில் விதி, 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது. கோடு விழுந்து முடிவு காட்டும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பில் கோடு விழ மில்லிலிட்டருக்கு லட்சம், பத்து லட்சம் என்று கிருமி வேண்டும். அதனால்தான் 25 கிராமை 225 மி.லி. பஃபர்டு பெப்டோன் நீரில் (கிருமி வளர உதவும் ஊட்டக் கரைசல்) போட்டு, 37 டிகிரி வாக்கில் சுமார் 18 மணி நேரம் வளர்க்கிறார்கள். கிட் பெட்டியில் "10 நிமிடம்" என்று கொட்டை எழுத்தில் போடுவது இதற்கு அப்புறம் வரும் 10 நிமிடத்தை. முந்தைய 18 மணி நேரம் பொடி எழுத்தில் இருக்கும்.

"கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் லாம்ப் கருவி இருக்கிறதே" என்பார் இன்னொருவர். நல்ல கருவிதான். 60–65 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும். ஆனால் சூட்டில் செத்த கிருமியின் டி.என்.ஏ.வுக்கும் பாசிட்டிவ் சொல்லும். வினை முடிந்த குழாயை அதே மேசையில் ஒருமுறை திறந்துவிட்டால், அடுத்து வருவதெல்லாம் பாசிட்டிவ் ஆகலாம்.

ஸ்ட்ரிப் படிக்கவாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 (பூஞ்சை நச்சிலிருந்து வருவது) போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கான ஸ்ட்ரிப்பில் சோதனைக் கோடு மறைந்தால்தான் பாசிட்டிவ். இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தால் வரம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கர்ப்பப் பரிசோதனை மாதிரி படித்து, இரண்டு கோட்டைக் கண்டு "விஷம்" என்று அலறினால் நல்ல பால்தான் சாக்கடைக்குப் போகும். பழத்தில் குத்தும் "நைட்ரேட் பேனா" பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஊசிகள் அளப்பது மின்கடத்துதிறனை. எந்த உப்பு, எந்த அயனி என்று அதற்குத் தெரியாது.

"எப்படியோ விழிப்புணர்வு வந்ததே" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வாழ்க விழிப்புணர்வு.

"நீங்கள் கடைக்காரர் பக்கம்" என்று என்னைச் சொன்னார்கள். இதுதான் நேற்றிலிருந்து உறுத்துகிறது. இதே துறையில் கிடந்து உழலுகிறவன் "கல்ச்சர் போட்டுப் பாருங்கள்", அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பாருங்கள் என்றால் கைக்கூலி. நேற்று மீட்டர் வாங்கி, கையேட்டைப் பிரிக்காமலே படம் பிடித்தவர் போராளி. சரி, இருக்கட்டும், எனக்குத் தோல் தடிமன்தான்.

ஆனால் அந்த ஊழியர்? பலகை கழுவியதா, கழுவப் போனதா என்று யாராவது அவரிடம் கேட்டார்களா? 100-க்கு 5 முறை நல்லதையும் கெட்டது என்று சொல்கிற கருவியை வைத்துக்கொள்வோம். 1,000 இடங்களில் 10 மட்டுமே உண்மையில் மோசம் என்றால், அந்தக் கருவி ஏறக்குறைய 50 நல்ல இடங்களையும் சேர்த்துக் குற்றம் சாட்டும். லேபில் இப்படி வந்தால் மறுபரிசோதனைக்குப் போகும். உங்கள் கேமரா முன் வந்தால் ஒருவர் முகம் ஊரெல்லாம் போகிறது. மறுபரிசோதனையில் தேறினால் மட்டும் வீடியோ போடுவீர்களா? அதற்கு யார் லைக் போடுவது!

என்னைத் திட்ட வருகிறவர்கள் வரலாம். வரும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொண்டு வாருங்கள்: பலகை கழுவியபின் எடுத்ததா, எதையும் தொடாத வெற்று ஸ்வாப் அன்று அந்த மீட்டரில் என்ன காட்டியது, அதே பலகையில் கல்ச்சர் போட்டார்களா. மூன்றுக்கும் பதில் இருந்தால் உட்கார்ந்து பேசுவோம்.